அத்தியாயம் 6: இரண்டு கேம்பாய், ஒரு மெகா டிரைவ், ஒரு மேசை

விளையாட்டுக் கன்சோலில் பாட்டு எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1980களின் கன்சோல்களில் பாட்டைப் பதிவுசெய்து வைக்க இடம் போதாது. கார்ட்ரிட்ஜில் இருப்பதெல்லாம் ‘இப்போது இந்தச் சுரம், இவ்வளவு சத்தம்’ என்கிற கட்டளைகள்தான். ஆட்டம் ஓட ஓட ஒலிச் சிப் அவற்றை வாங்கி, அங்கேயே அந்த நொடியிலேயே அலையை உண்டாக்குகிறது. ஆக, அது பிறக்கும்போதே ஒரு சின்தசைசர். வாசிக்கக் கட்டை வைக்கவில்லை, அவ்வளவே. ஆட்டக் கார்ட்ரிட்ஜை உருவிவிட்டு இசையமைக்கும் மென்பொருள் உள்ள கார்ட்ரிட்ஜைச் செருகினால் அந்தக் குறையும் தீர்ந்தது. ஜெர்மனியின் ஆலிவர் விட்சோவ் 1998இல் கேம்பாய்க்காக நானோலூப் எழுதினார். அதன் பின் ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே வந்தது. இப்படி ஒலிச் சிப்பில் இசை செய்யும் சிப்டியூன் வட்டாரத்தில் அதை எல்எஸ்டிஜே என்றே சொல்வார்கள். நாமும் அதையே பயன்படுத்துவோம்.

இந்த அத்தியாயத்தில் இரண்டு கேம்பாயையும் மெகா டிரைவ் என்ற கன்சோல் ஒன்றையும் ஒரே மேசையில் சேர்த்து வாசிக்க வைக்கப்போகிறோம். கன்சோல்களை அடுக்குவது எளிது. அடுக்கியவற்றை இரைச்சலின்றி, ஒரே தாளத்தில் ஓட வைப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் இந்த அத்தியாயம் பளபளப்பான திரைக்கும் வண்ணக் கூட்டுக்கும் அதிக இடம் தரவில்லை. ஒலி வெளியே வரும் வழி, மின்சாரம், கடிகாரம் ஆகிய மூன்றுக்கும்தான் பக்கங்களைச் செலவிடுகிறது.

எந்தக் கேம்பாய்?

1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியான முதல் கேம்பாயின் மாடல் எண் டிஎம்ஜி-01. சாம்பல் நிறம், நான்கு ஏஏ பேட்டரி, செங்கல் கனம். சிப்டியூன்காரர்கள் இன்றும் இதைத் தேடிப் போவது பழம்பாசத்தால் மட்டுமல்ல, இதன் கீழ்ச் சுரங்களில் இருக்கும் கனத்துக்காகவும்தான். 1998இல் வந்த கேம்பாய் கலரின் பிராசசர் இரட்டை வேகத்தில் ஓடக்கூடியது என்பதால் எல்எஸ்டிஜே அதில் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் அடித்தட்டு மெலிந்து கேட்கும். கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியில் ஹெட்போன் துளையே கிடையாது, தனி அடாப்டர் வேண்டும். என் யோசனை இது: இரண்டும் டிஎம்ஜியாகவே வாங்குங்கள். இணைப்பு கேபிளின் முனை டிஎம்ஜியில் பெரியது, கேம்பாய் பாக்கெட்டிலும் கலரிலும் சிறியது. இரண்டும் ஒரே வகையாக இருந்தால் மாற்று முனை தேடும் தொல்லை இல்லை.

வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது என்று பொருள். லேசான பூப்பு என்றால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் போகும். பலகை வரை இறங்கியிருந்தால் அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள். திரையில் சில செங்குத்துக் கோடுகள் காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம், அதைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேட்கலாம். திரையின் அடியில் உள்ள ரிப்பன் விளிம்பின் ஒட்டு விட்டிருக்கும். சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் அதன்மேல் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் கோடுகள் திரும்பிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் வீடுகளில் தொண்ணூறுகளில் ஓடிய ‘டிவி கேம்’ பரணில் கிடக்கிறதே, அதை வைத்துச் செய்ய முடியாதா? அது பெரும்பாலும் நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல். 1983இல் வந்த ஃபாமிகாமின் ஒலிச் சிப்பில் இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு நாய்ஸ், ஒரு சாம்பிள் என ஐந்து சேனல்கள் உண்டு. பிற்கால நகல்களில் இவை எல்லாம் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடங்கிவிட்டன. தனித்தனியாக ஒலியை வெளியே எடுக்க வழி இருக்காது. அதைவிட வேடிக்கை, பல நகல் சிப்களில் பல்ஸ் அலை மேலே நிற்கும் நேரத்தைக் குறிக்கும் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறிக் கிடக்கும். நாம் சிறுவயதில் அந்தப் பெட்டியில் கேட்ட மாரியோவின் குரல் ஜப்பானியச் சிறுவன் கேட்ட குரலாக இல்லாமல் இருந்திருக்கலாம். விளையாடிப் பார்க்க நல்ல பெட்டிதான். இந்த மேசையின் மையத்தில் வைக்க அது போதாது.

நான்கு குரல்கள்

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் கேம்பாயின் சிப்போடு கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். நான்கு சேனல்கள். முதல் இரண்டும் பல்ஸ் அலை. அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு விதமாக மாற்றலாம். 25ம் 75ம் காதுக்கு ஒன்றேதான், அதனால் கையில் இருப்பது உண்மையில் மூன்று நிறங்கள். மூன்றாவது, வேவ் சேனல். 32 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு அலையை நீங்களே வரையலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள். நான்காவது நாய்ஸ். மழைச் சத்தம் முதல் தகரத்தில் தட்டுவது வரை எல்லாம் அதிலிருந்துதான்.

இந்த நான்கில் யாருக்கு என்ன வேலை என்பதைச் சிப்பே தீர்மானித்துவிடுகிறது. பல்ஸ் சேனலில் சுருதியை 0 முதல் 2047 வரை ஓர் எண்ணால் சொல்கிறோம். 2048லிருந்து அந்த எண்ணைக் கழித்து, வருவதால் 1,31,072ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். எண் 0 என்றால் 64 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பல்ஸ் போகாது. வேவ் சேனலுக்கு இதே கணக்கு பாதி, அதாவது 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பேஸ் வரியை எல்லோரும் வேவ் சேனலில் வைப்பது இதனால்தான்.

மேலே ஏறும்போது வேறு சிக்கல். 440 ஹெர்ட்ஸ் அருகே அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே ஒன்றரை ஹெர்ட்ஸ்தான் இடைவெளி, காது அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் பியானோவின் கடைசிக் கட்டையான 4186 ஹெர்ட்ஸைக் கேட்டால் சிப் தரக்கூடியது 4096 அல்லது 4228. நடுவே ஒன்றுமில்லை. உச்ச ஸ்தாயியில் கேம்பாய் சுருதி விலகிப் பாடும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் இழைந்து வரும் கமகம் ஒன்றை முயன்றால் கீழே வழுக்கிக்கொண்டு வரும், மேலே போனால் படி படியாகத் தடதடக்கும். மத்திய ஸ்தாயியைத் தாண்டி இழுக்காமல் இருந்தால் பிழைத்தோம்.

ஒலியை எங்கிருந்து எடுப்பது

கேம்பாயின் ஹெட்போன் துளையில் வருவது உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக வரும் ஒலி. இரைச்சலின் பெரும்பகுதியைச் சேர்ப்பது அந்த ஆம்ப்ளிஃபயர்தான். அதற்கு முன்பே, வால்யூம் சக்கரத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஒலியைப் பிடித்து வெளியே கொண்டுவருவதைத்தான் புரோசவுண்ட் என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சால்டர் வேலையைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கலர் பேக்லைட் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மலிவான பேக்லைட் சில நேரம் தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கும்.

பேட்டரியையும் கார்ட்ரிட்ஜையும் எடுத்துவிடுங்கள். பின்புறம் நான்கு திருகு, பேட்டரிக் குழியில் இரண்டு. சிலவற்றில் சாதாரண பிளஸ், சிலவற்றில் மூன்று கால் கொண்ட திருகு. இரண்டுக்கும் உரிய திருப்புளி கையில் இருக்கட்டும். கூட்டின் இரு பாதிகளையும் ஒரு பட்டை ரிப்பன் இணைக்கிறது. வெடுக்கென்று பிரித்தால் ரிப்பன் போய்விடும். ஒரு விரல் இடைவெளி விட்டுத் திறந்து, ரிப்பனைச் சாக்கெட்டிலிருந்து நேராக உருவுங்கள். பின்பாதியில் இருக்கும் பலகையின் ஓரத்தில் வால்யூம் சக்கரம் தெரியும், அதன் கால்கள் வரிசையாகப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

எந்தக் கால் எதற்கு என்று படம் பார்த்து நம்புவதைவிட மல்டிமீட்டரைக் கேளுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையோடு பீப் சத்தம் தருவது கிரவுண்ட். பிறகு ரிப்பன், பேட்டரி, கார்ட்ரிட்ஜ் மூன்றையும் மாட்டி, எல்எஸ்டிஜேயில் ஒரு நீண்ட சுரத்தை ஓடவிடுங்கள். சிறு ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு ஒயரால் மற்ற கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சக்கரத்தைத் திருப்புங்கள். சத்தம் ஏறி இறங்கினால் அது சக்கரத்துக்குப் பிந்தைய கால். சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் மாறாத இரண்டுதான் உங்களுக்கு வேண்டிய இடமும் வலமும். எல்எஸ்டிஜேயில் அந்தச் சுரத்தை இடப்பக்கம் மட்டும் அனுப்பிப் பார்த்தால் எது எது என்று பிரிந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு மெல்லிய ஷீல்டு ஒயரைப் பற்றவையுங்கள். அயர்ன் 350 டிகிரியைத் தாண்ட வேண்டாம், ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் நிற்க வேண்டாம். பழைய பலகையில் செப்புத் தடம் சூட்டில் உரிந்து வந்துவிடும். ஒயரின் மறுமுனைக்கு 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக். கூட்டின் அடிப்பக்கத்தில் 6 மில்லிமீட்டர் துளை போட்டால் உட்காரும். மூடுவதற்கு முன் ஜாக்கில் டிசி வோல்டேஜ் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். ஜாக், கெப்பாசிட்டர், ஷீல்டு ஒயர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும். கேம்பாய்க்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

இந்த ஜாக்கில் ஹெட்போன் மாட்டினால் சத்தம் குறைவாகத்தான் கேட்கும். அது மிக்சருக்கான அளவு, கோளாறு இல்லை. இவ்வளவு செய்த பிறகும் மெல்லிய விசில் ஒன்று பின்னால் கேட்கலாம். திரை நொடிக்கு 59.73 முறை புதுப்பிக்கப்படுகிறது, ஒவ்வொரு முறையும் 154 வரிகள். பெருக்கினால் சுமார் 9200. அந்த விசில் ஏறக்குறைய 9.2 கிலோஹெர்ட்ஸில் நிற்பது இதனால்தான். பதிவுசெய்யும்போது ஈக்குவலைசரில் அந்த இடத்தை மட்டும் குறுகலாக வெட்டினால் போதும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கரண்ட்

கேம்பாய்க்கு நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் பேட்டரி போடுங்கள். 4.8 வோல்ட்தான் வரும், அதுவே போதும். ‘எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டர்’ என்பது கேட்க அழகாக இருக்கும். ஆனால் இணைப்பு கேபிள் வழியாக ஒரு கிரவுண்ட், மிக்சர் வழியாக இன்னொரு கிரவுண்ட், அடாப்டர் வழியாக மூன்றாவது என்று வட்டம் போட்டுவிடும். விளைவு, பாட்டுக்கு அடியில் ஓயாத ரீங்காரம். பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இந்த வியாதி வராது. அடாப்டர்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிமைப்படுத்தப்பட்ட டிசி-டிசி கன்வர்ட்டர் வையுங்கள்.

மெகா டிரைவுக்கு அடாப்டர் தவிர வேறு வழியில்லை. இங்கேதான் பலர் பெட்டியை எரிக்கிறார்கள். முதல் மாடலுக்கு 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியர், நடு ஊசி மைனஸ். இரண்டாம் மாடலுக்கு 10 வோல்ட், நடு ஊசி பிளஸ். அமெரிக்க நின்டெண்டோவின் அடாப்டர் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் அது ஏசி, அதை மெகா டிரைவில் செருகவே கூடாது. ஜப்பானிலிருந்து பெட்டியோடு வரும் அடாப்டர் 100 வோல்ட் சுவருக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் கதை முடிந்தது. பழைய அடாப்டரை நினைவுக்கு வைத்துக்கொண்டு, இங்கே புதிதாக ஒன்று வாங்குங்கள். செருகும் முன் ஊசியின் பிளஸ் மைனஸை மீட்டரில் பாருங்கள்.

ஒரே கடிகாரம்

இரண்டு கேம்பாய் மட்டும் என்றால் இணைப்பு கேபிளே போதும். எல்எஸ்டிஜேயில் ஒன்றைத் தலைவனாகவும் மற்றதைத் தொண்டனாகவும் அமைத்து, முதலில் தொண்டனில் ஸ்டார்ட் அழுத்துங்கள். அது காத்திருக்கும். பிறகு தலைவனில் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். ஒரு கேம்பாயில் மேளத்தையும் பேஸையும், மற்றதில் பாட்டையும் பக்கச் சுரத்தையும் வைப்பது வழக்கம். அதன் பெரிய லாபம் இடவல அமைப்பில் இருக்கிறது. கேம்பாய் ஒரு சேனலை முழு இடம், முழு வலம், நடு என்று மூன்று இடங்களில்தான் வைக்கும், ஹெட்போனில் அது தலைவலி. பெட்டிகள் இரண்டு இருந்தால் மிக்சரின் பேன் திருகால் வேண்டிய அளவு ஒதுக்கிக்கொள்ளலாம்.

வெளிக்கருவிகளும் சேர வேண்டும் என்றால், இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியான மிடி தேவை. 1983இல் வந்த அந்த ஏற்பாட்டில் ஒரு கால் சுரத்துக்கு 24 கடிகாரத் துடிப்புகள். கேம்பாய்க்கு மிடி தெரியாது. இடையில் மொழிபெயர்க்க டிமோதி லாம்ப் உருவாக்கிய ஆர்டுயினோபாய் இருக்கிறது. ஓர் ஆர்டுயினோ பலகை, மிடி உள்ளீட்டுக்கு 6என்138 ஆப்டோ கப்ளர், சில ரெசிஸ்டர்கள், பாதியில் வெட்டிய ஓர் இணைப்பு கேபிள். வெட்டிய கேபிளின் ஒயர் நிறங்களை நம்பாதீர்கள். மலிவு கேபிள்களில் ஒவ்வொரு தயாரிப்பும் ஒரு நிறம் போடும். அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் கேபிளுக்குள் குறுக்காக மாறியிருப்பதும் வழக்கம். ஒவ்வொரு ஒயரையும் முனையோடு மல்டிமீட்டரில் பீப் பார்த்து, தாளில் எழுதிக்கொண்டு பற்றவையுங்கள். இரண்டு கேம்பாய்க்கும் தனித்தனி ஆர்டுயினோபாய் வைத்து ஒரு மிடி த்ரூ பெட்டியால் பிரித்துக் கொடுப்பதே சுலபம்.

எல்எஸ்டிஜேயில் 16 அடிகள் கொண்ட துண்டுக்கு ஃபிரேஸ் என்று பெயர். ஒவ்வோர் அடியும் எத்தனை துடிப்பு நீடிக்கும் என்பதை குரூவ் என்ற பட்டியல் சொல்கிறது. வழக்கமான அளவு 6. நான்கு அடிக்கு 24 துடிப்பு, மிடியின் கால் சுரம் சரியாக நிரம்பிவிடுகிறது. சதுஸ்ர நடை இது. மேற்கத்திய வழிகாட்டிகள் 8, 4 என்று மாற்றி மாற்றிப் போட்டு ஸ்விங் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கு அதற்கு மேலும் வேண்டும். குரூவை 8 ஆக்குங்கள், தட்டுக்கு மூன்று அடி, திஸ்ர நடை. நான்கு தட்டுக்கு 12 அடி போதும் என்பதால் 12க்கு அடுத்த வரிசையில் (அது ‘சி’ வரிசை, எண்கள் பதினாறடிமானத்தில் போகும்) ஹாப் கட்டளையை இட்டு அடுத்த ஃபிரேஸுக்குத் தாண்டச் செய்யுங்கள்.

கண்ட நடைக்கு 24 ஐந்தால் வகுபடாது. ஆனால் குரூவ் பட்டியலில் 5, 5, 5, 5, 4 என்று ஐந்து வரிகளை எழுதினால் கூட்டுத்தொகை 24. கடைசி அடி ஒரு துடிப்பு குறைவு. காதில் அது தெரிவதில்லை, மற்ற கருவிகளோடு தட்டு மட்டும் பிசகாமல் விழும். ஃபிரேஸுக்கு 10 அடி வைத்து ‘ஏ’ வரிசையில் ஹாப் போட்டால் இரண்டு ஃபிரேஸில் நான்கு தட்டு முடிந்துவிடும். தகதகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே நாய்ஸ் சேனலில் அடிகளை இட்டுப் பாருங்கள். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் கொஞ்சம் சத்தம் கூட்டினால் உருவம் தெளிவாகிவிடும்.

மெகா டிரைவ்

இந்தப் பெட்டியின் சுபாவம் வேறு. 1988இல் ஜப்பானில் வெளியானது. உள்ளே யமஹாவின் ஒய்எம்2612 சிப், ஆறு எஃப்எம் குரல்கள் (ஓர் அலையால் இன்னோர் அலையை வளைத்து ஒலி உண்டாக்கும் முறை), ஒவ்வொன்றுக்கும் அலை உண்டாக்கும் நான்கு ஆபரேட்டர். ஆறாவது குரலை விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் மேளச் சாம்பிள் ஓட்டலாம். கூடவே மூன்று சதுர அலையும் ஒரு நாய்ஸும். மணி, வெண்கலம், உறுமும் பேஸ் என்று கேம்பாயால் முடியாததெல்லாம் இங்கே கிடைக்கும்.

முதல் மாடலையே தேடுங்கள். முன்பக்கம் ஹெட்போன் துளையும் வால்யூம் நெம்புகோலும் இருக்கும். ஸ்டீரியோ அந்தத் துளையில் மட்டும்தான் வரும், பின்பக்க ஏவி துளையில் வருவது மோனோ. அசல் ஒய்எம்2612இன் மெல்லிய கரகரப்பு பிந்தைய பெட்டிகளின் ஒய்எம்3438 சிப்பில் கிடையாது. சுத்தமான ஒலி வேண்டுவோர் பிந்தையதை விரும்பலாம், எனக்குக் கரகரப்பே பிடிக்கும்.

வாசிக்க வைப்பதற்கு ஆஸ்திரேலியாவின் செபாஸ்டியன் டோம்சாக் உருவாக்கிய ஜென்எம்டிஎம் இருக்கிறது. ஒரு கார்ட்ரிட்ஜ், கன்ட்ரோலர் துளையில் செருகும் ஒரு மிடி இடைமுகம். மிடி சேனல் 1 முதல் 6 வரை எஃப்எம், 7 முதல் 10 வரை சதுர அலைகளும் நாய்ஸும். கேம்பாய் மாதிரி இது தானாகப் பாட்டை ஓட்டாது, சுரங்கள் வெளியிலிருந்து வர வேண்டும். மடிக்கணினியோ தனி சீக்வென்சரோ மேசையின் தலைமைக் கடிகாரம் ஆகிவிடுவது இந்த இடத்தில்தான். கணினியே இல்லாத மேசை வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. சீக்வென்சர் விலையைக் கேட்ட பிறகு பிடிவாதம் தளர்வதும் உண்டு.

பதிவும் காப்பும்

மிக்சரில் கேம்பாய்களுக்கு இரண்டு ஸ்டீரியோ உள்ளீடு, மெகா டிரைவுக்கு ஒன்று. கேம்பாய்களின் பேஸ் கனத்தை முதலில் கேட்டுவிட்டு, எஃப்எம் பேஸை அதற்குக் கீழே அடக்குங்கள். இரண்டும் முட்டினால் ஒலிப்பெருக்கியில் வெறும் உறுமல்தான் மிஞ்சும். தனித்தனி டிராக்காகப் பதிய வேண்டுமா? கேம்பாயின் இட-வலப் பிரிப்பு அங்கே கைகொடுக்கும். முதல் பல்ஸை முழு இடத்திலும் வேவை முழு வலத்திலும் வைத்து மற்ற இரண்டையும் மூடி ஒரு முறை ஓட்டுங்கள். அடுத்த ஓட்டத்தில் மற்ற இரண்டு. நான்கு சேனலும் இரண்டே ஓட்டத்தில் தனித்தனியாகக் கணினியில் இறங்கிவிடும். மிடிக் கடிகாரம் பொதுவாக இருப்பதால் டிராக்குகளைத் தட்டுக்குத் தட்டு பொருத்துவதும் எளிது.

எல்எஸ்டிஜே 32 பாட்டுகள் வரை கார்ட்ரிட்ஜில் உள்ள 128 கிலோபைட் நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் ஒரு பொத்தான் பேட்டரிதான். அது தீர்ந்த நாளில் பாட்டுகளும் போய்விடும், பேட்டரியை மாற்றக் கழற்றினாலும் போய்விடும். கணினியோடு இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றை, எல்எஸ்டிஜேயை ஏற்றி வைக்கும் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜோடு சேர்த்தே வாங்குங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் சேவ் கோப்பை இறக்கி, தேதியைப் பெயராக இட்டு வையுங்கள். புதிதாகக் கார்ட்ரிட்ஜ் வாங்குபவர்கள் பேட்டரி தேவைப்படாத எஃப்ரேம் நினைவகம் உள்ளதா என்று கேட்டு வாங்கலாம். விலை சற்றுக் கூடும்.